பாதிப் பயிற்சியில் வந்து சேரும் எதிர்வழக்கு

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் நோக்கிச் செல்லும் சாலைகளில் விடியற்காலை நாலரை மணிக்கே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். மழைக்காலத்தில் கரிசல் காட்டில் ஓட முடியாது. ஒவ்வோர் அடிக்கும் காலோடு மண் அப்பிக்கொண்டு வரும். ஆகவே தார்ச்சாலைதான் அவர்களுடைய மைதானம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ஆள்சேர்ப்பு முகாமில் 60 மதிப்பெண். அதற்காக ஓராண்டு, ஈராண்டு ஓடுகிறவர்கள் உண்டு.

இவர்களில் கணிசமானோர் தலித் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். ஏன் என்று கேட்கத் தேவையில்லை. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வானம் பார்த்து விளைகிற இடத்தில், நிலம் யாரிடம் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். தீப்பெட்டி ஆலைகளில் இயந்திரம் வந்தபின் கைவேலை குறைந்துவிட்டது. மீதமிருப்பது திருப்பூர், கோவை, சென்னை. படைவேலை என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. அது சம்பளத்தோடு ஒரு சீருடையையும் தருகிறது. அந்தச் சீருடையோடு ஊருக்குள் நடந்து வருவது என்ன பொருள் தரும் என்பதை, டீக்கடையில் தனிக்குவளை பார்த்த தலைமுறைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஓட்டத்தைப் பற்றியதல்ல. ஓடி வென்று, தேர்வெழுதி, மருத்துவச் சோதனை முடித்து, பயிற்சி மையத்தில் சேர்ந்து, பயிற்சியின் பாதியை எட்டிய பிறகு நடப்பதைப் பற்றியது.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி ஒருவர் நான்காண்டுகளுக்குப் படையில் சேர்க்கப்படுகிறார். பயிற்சிக் காலமும் அந்த நான்காண்டுக்குள் அடக்கம். தரைப்படையில் பிரிவைப் பொறுத்து அது ஆறேழு மாதங்கள் நீள்கிறது. முதலில் அடிப்படைப் பயிற்சி, பின்னர் அந்தந்தப் பிரிவுக்குரிய பயிற்சி. ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் பாதி வழி வந்துவிடும். உடல் பழகியிருக்கும், துப்பாக்கி கைக்கு வந்திருக்கும், இந்தி ஓரளவு புரியத் தொடங்கியிருக்கும். வீட்டில் அம்மா தெருவுக்கெல்லாம் சொல்லி முடித்திருப்பார்.

சட்டத்தின் பார்வையிலும் இந்தப் பாதி வழி ஒரு தனி இடம். இதை நம் இளைஞர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் படையில் பதிவு செய்யப்படுவதையும், உறுதிமொழி ஏற்று முழுமையான படைவீரர் ஆவதையும் இரு வேறு கட்டங்களாகப் பிரிக்கிறது. பிரிவு 15 என்ன சொல்கிறது? பதிவு செய்யப்பட்டு மூன்று மாதம் ஊதியம் பெற்றுவிட்டவர் முறையாகச் சேர்க்கப்பட்டவராகவே கருதப்படுவார். தன்னைச் சேர்த்ததில் குறை இருந்தது என்றோ வேறெந்தக் காரணம் காட்டியோ விடுவிப்புக் கோர அவருக்கு உரிமையில்லை. அதாவது பாதியை எட்டும்போது அவருடைய வெளியேறும் கதவு சாத்தப்படுகிறது. படையின் கதவோ திறந்தே இருக்கிறது. பயிற்சி முடிந்து உறுதிமொழி அணிவகுப்பு நடக்கும்வரை அவர் ‘பதிவு செய்யப்பட்டவர், ஆனால் உறுதிமொழி ஏற்காதவர்’. 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 13ஆம் விதியின் அட்டவணை இத்தகையோரைத் தனி வகையாக வைத்திருக்கிறது. உறுதிமொழி ஏற்றவரை விடுவிப்பதற்கு இருக்கிற காப்புகள் இவருக்கு அந்த அளவில் இல்லை. கட்டளை அதிகாரியின் ஓர் உத்தரவு போதும்.

இந்த இடைவெளியில்தான் ஊரிலிருந்து காவல் சரிபார்ப்பு அறிக்கை போய்ச் சேருகிறது.

நம்மிடம் வந்த ஒரு கோப்பைச் சொல்கிறோம். ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஓர் ஊர். கோயில் கொடையின்போது பாதையில் வைத்த பதாகையை ஒட்டித் தகராறு. தலித் தெருவுக்குள் புகுந்து அடித்தார்கள். இரண்டு பேருக்குத் தலையில் தையல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய ஒரு நாள் முழுவதும் காவல் நிலைய வாசலில் உட்கார வேண்டியிருந்தது. அது பதிவான இரண்டு மணி நேரத்தில் எதிர்வழக்கும் பதிவாயிற்று. ஆபாசமாகத் திட்டியது, கல்லெறிந்தது, கொலை மிரட்டல் விடுத்தது. எதிரிகள் பதினொரு பேர். ஏழாவது பெயர் இந்தப் பையனுடையது. அன்று அவனுக்கு வயது பதினேழு நிறையவில்லை. முதல் தகவல் அறிக்கையில் 19 என்று எழுதப்பட்டது. சம்பவ இடத்தில் அவன் இல்லை என்கிறது குடும்பம். அதை இங்கே நிரூபிக்க நாம் முயலவில்லை. அவனை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை, கைது செய்யவில்லை, நீதிமன்ற அழைப்பாணையும் வரவில்லை என்பது மட்டும் பதிவேடுகளிலிருந்தே தெரிகிறது. தன் பெயரில் வழக்கிருப்பது அவனுக்குத் தெரியாது. படையில் சேரும்போது ‘உம்மீது குற்ற வழக்கு ஏதும் உள்ளதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினான்.

பயிற்சியின் பதின்மூன்றாம் வாரத்தில், வழக்கு இருக்கிறது என்ற அறிக்கை மையத்துக்குப் போயிற்று. விளக்கம் கேட்டார்கள். பையன் வீட்டுக்குப் பேசினான். அதே வாரத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் இருவர் பையனின் தந்தையைப் பார்க்க வந்தார்கள். ‘நீங்க போட்ட கேஸ எடுத்துக்கிட்டா நாங்களும் எடுத்துக்கிடுதோம். பையன் வாழ்க்கைதான முக்கியம்?’

இந்தக் கட்டுரையின் மையம் அந்த வாக்கியந்தான்.

எதிர்வழக்கு என்பது கரிசல் வட்டாரத்தில் புதிதல்ல. வன்கொடுமை வழக்கு ஒன்று பதிவானால் நிழல்போல ஒன்று கூடவே பதிவாகும். அதன் நோக்கம் யாரையும் தண்டிப்பதல்ல. பெரும்பாலும் அது தண்டனையில் முடிவதுமில்லை. அது பேரம் பேசுவதற்கான முதல். முன்பெல்லாம் பேரம் வலுவற்றதாக இருந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்மீது ஒரு வழக்கிருந்தால் வாய்தாவுக்குப் போய்வரும் செலவும் ஒருநாள் கூலியும்தான் இழப்பு. படித்த பிள்ளை அரசு வேலைக்கோ படைக்கோ தேர்வாகிவிட்டால் கணக்கு மாறுகிறது. எந்தப் பிள்ளையைப் பெயர் சேர்த்தால் அந்தத் தெரு பணியும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். எதிர்வழக்குகளின் எதிரிகள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கல்லூரியில் படிக்கிறவன், காவலர் தேர்வுக்கு ஓடுகிறவன், ஐடிஐ முடித்தவன் ஆகியோரின் பெயர்கள் தற்செயலாக விழுந்தவை என்று நாம் நம்பத் தயாராக இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய நினைவு உண்டு. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான காவலர்கள் புகுந்தபோது அவர்கள் உடைத்தவை எவை? வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்துச் சேர்த்த பொருட்கள். கடவுச்சீட்டும் கல்விச் சான்றிதழும்கூட அழிக்கப்பட்டதாக மக்கள் முறையிட்டார்கள். குடிநீர்க் கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டதாகவும் சொன்னார்கள். ஊரைவிட்டு மேலேறிச் செல்லும் தாள் எதுவோ அதுதான் இலக்கு என்பதை அன்றே பார்த்துவிட்டோம். இன்று சான்றிதழைக் கிழிக்கத் தேவையில்லை. காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் சான்றிதழ் தானாகச் செல்லாக் காசாகிறது.

2022 ஜூலையில் ஒரு சர்ச்சை எழுந்தது நினைவிருக்கலாம். அக்னிவீர் ஆள்சேர்ப்பில் சாதிச் சான்றிதழ் ஏன் கேட்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அது புதிதல்ல, முன்பிருந்தே உள்ள நடைமுறை என்று அரசு சொன்னது. உண்மையில் இந்தியப் படைக்குச் சாதியோடு நீண்ட கணக்கு உண்டு. மகர்களைச் சேர்ப்பதைப் பிரிட்டிஷ் அரசு 1890களின் தொடக்கத்தில் நிறுத்தியது. சுபேதாராக இருந்த ராம்ஜியின் மகனாக அண்ணல் அம்பேத்கர் மாவ் படை முகாமில் 1891இல் பிறந்ததற்குச் சற்றுப் பின்னர். அந்தக் கதவு மீண்டும் முறையாகத் திறந்து மகர் படைப்பிரிவு உருவானது 1941இல். 1943இல் எழுப்பப்பட்ட சமார் படைப்பிரிவு பர்மா முனையில் போரிட்டது. போர் முடிந்ததும் 1946இல் கலைக்கப்பட்டது. சென்னை ராணுவத்தில் பறையர் முதலான ஒடுக்கப்பட்டோர் பணியாற்றிய நெடிய வரலாறும், ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்ற கொள்கையின் பெயரால் தென்னிந்தியர் ஒதுக்கப்பட்டதும் தனியே எழுத வேண்டியவை. இன்று அக்னிபத், ‘அனைத்திந்திய, அனைத்து வகுப்பு’ என்ற அடிப்படையைப் பேசுகிறது. படையில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு கிடையாது. சாதிச் சான்றிதழை மையமாக்கிய அந்த விவாதத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கரிசலிலிருந்து பார்த்தால், ஒரு தலித் இளைஞனை வெளியே தள்ளும் தாள் அதுவல்ல. வட்டாட்சியர் தரும் சான்றிதழைவிடக் காவல் நிலையம் தரும் அறிக்கையில்தான் சாதி அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது, அந்தச் சொல் ஓரிடத்திலும் வராமலேயே.

படைத்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கையில் ஆயுதம் ஏந்துகிறவர், தன்னைப் பற்றிய கேள்விக்குப் பொய் சொன்னால் அவரை எப்படி நம்புவது? கேட்கத் தகுந்த கேள்விதான். சேரும்போது வேண்டுமென்றே பொய்யான பதில் தருவதை ராணுவச் சட்டத்தின் 44ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கிறது. சதீஷ் சந்திர யாதவ் வழக்கில் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சீருடைப் பணிகளில் உண்மையை மறைப்பதைக் கடுமையாகவே அணுகியது.

ஆயினும் ‘மறைத்தல்’ என்றால் என்ன என்பதற்கும் உச்ச நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. 2016 ஜூலை 21 அன்று அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வகுத்த நெறிகளில் கடைசியாக வருவது இது: ஒருவர் உண்மையை மறைத்தார் என்று முடிவு செய்யுமுன், அந்த உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது என்பது நிலைநாட்டப்பட வேண்டும். கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதற்கு முந்தைய நெறி. அழைப்பாணையே வராத வழக்கை ஒருவன் எப்படி மறைக்க முடியும்? நம் கோப்பில் உள்ள பையனுக்கு இன்னொரு காப்பும் உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74(2)ஆம் பிரிவு, நன்னடத்தைச் சான்றுக்காகக் குழந்தையின் வழக்குப் பதிவைக் காவல் துறை வெளியிடக் கூடாது என்கிறது. 2021இன் திருத்தம் இத்தடையை நிலுவை வழக்குகளுக்கும் விரித்தது. பதினேழரை வயதில் ஆள் சேர்க்கும் திட்டத்தில், விண்ணப்பிக்கிறவர்களின் ‘பழைய வழக்கு’ பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில் நடந்ததாகத்தான் இருக்க முடியும். நாங்குநேரியும் ஸ்ரீவைகுண்டம் வட்டாரமும் காட்டியதுபோல, தென்மாவட்டங்களில் சாதி இப்போது பள்ளிப் பேருந்திலேயே அரிவாளெடுக்கிறது. அடிபட்ட பையனின் பெயரிலும் எதிர்வழக்கு வரக்கூடிய சூழல் இது. மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவர்மீது சிறார் பருவத்தில் இருந்த வழக்கைக் காட்டி வேலை மறுக்கப்பட்டபோது, ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று இங்கே முடித்துவிடலாமா? முடியாது. காரணம் காலம்.

பவன் குமார் என்பவர் ரயில்வே பாதுகாப்புப் படையில் காவலராகத் தேர்வாகிப் பயிற்சியில் இருந்தார். விடுதலையில் முடிந்த ஒரு வழக்கைப் படிவத்தில் சொல்லவில்லை என்று 2015 ஏப்ரலில் பயிற்சியின் நடுவிலேயே வெளியேற்றப்பட்டார். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 மே 2 அன்று. ஏழாண்டு. உத்தரப் பிரதேசக் காவலர் பணிக்குத் தேர்வான ரவீந்திர குமாரின் தேர்வு 2005இல் ரத்தானது. அவர் வென்றது 2024 பிப்ரவரியில். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டு. இவை நாம் நீதிமன்றத்தில் பெருமையோடு காட்டும் தீர்ப்புகள். ஆனால் அவர்கள் இருவரும் தேர்வானது நிரந்தரப் பணிக்கு. எத்தனை ஆண்டு கழித்தும் திரும்பிப் போக ஒரு வேலை அங்கே இருந்தது.

அக்னிவீரனுக்கு நான்காண்டு மட்டுமே. விடுவிப்பு உத்தரவை எதிர்த்து முதலில் படைக்குள்ளேயே முறையிட வேண்டும். அதற்குப் பதில் வராவிட்டால், வழக்கமாக ஆறு மாதம் காத்திருந்த பிறகே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் மனுவை ஏற்கும். தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் அமர்வு இருக்கிறது; அது நமக்கு ஆறுதல். இரண்டாண்டில் தீர்ப்பு வந்தாலும் அதற்குள் பணிக்காலத்தின் பாதி போயிருக்கும். பவன் குமாரைப்போல ஏழாண்டு ஆனால், இல்லாத வேலைக்குத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவு வாங்குவோம். மறுபடி முயலலாம் என்றால், வயது வரம்பு இடையில் கடந்துவிடும். முதலாண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 30 விழுக்காடு நிதிக்குப் பிடித்தம், நான்காண்டு முடிவில் சுமார் 11.71 லட்சம் சேவா நிதி. நிரந்தரமாகத் தொடர வாய்ப்பு அதிகபட்சம் நால்வரில் ஒருவருக்கு. ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. இந்தத் திட்டத்தை 2023 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் சரியென்றது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அந்த வழக்குகளில் வாதம் பெரும்பாலும், பழைய முறையில் தேர்வாகிக் காத்திருந்தோரின் உரிமையைப் பற்றியது. குறுகிய ஒப்பந்தம் ஒருவருடைய நீதிமன்றப் பரிகாரத்தையே பயனற்றதாக்குகிறது என்ற கோணம் இன்னும் உரியவாறு எழுப்பப்படவில்லை என்பது நம் கருத்து.

ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இந்தச் சட்ட நுணுக்கம் தெரியாது. தெரியத் தேவையுமில்லை. தந்தைக்கு நேரம் குறைவு என்பது தெரிந்தால் போதும். முன்பு, வழக்கு முடிந்து பையன் வேலைக்குப் போகலாம் என்று ஒரு குடும்பம் பொறுத்திருக்க முடிந்தது. இப்போது பயிற்சியின் பாதிக்கும் உறுதிமொழி அணிவகுப்புக்கும் இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். வன்கொடுமை வழக்கைக் கைவிடுவதற்கான விலை இவ்வளவு உயர்ந்து நாம் பார்த்ததில்லை. தலையில் தையல் போட்ட இருவரும் அந்தத் தந்தையின் சொந்தத் தெருக்காரர்கள். அவர்களிடம் போய் ‘என் மகனுக்காக விட்டுக்கொடுங்கள்’ என்று கேட்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளுவது, அடியைவிடப் பெரிய அடி.

ஆகவே இயக்கத் தோழர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம். முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஊரில் மோதல் நடந்திருந்தால், தமிழ்நாடு காவல் துறையின் தளத்தில் எதிர்வழக்கைத் தேடி எடுத்து, எதிரிகள் பட்டியலில் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று அந்த வாரமே பாருங்கள். முகாமுக்குப் போகுமுன் அல்ல, அந்த வாரமே. பெயர் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போட அப்போதுதான் நேரம் இருக்கும். வயது குறைவென்றால் பள்ளிச் சான்றைக் காட்டி இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வழக்கை மாற்றக் கேளுங்கள். வழக்கு இருப்பது தெரிந்தபின் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதவே கூடாது. முகவர்கள் எழுதச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அவதார் சிங் தீர்ப்பு தரும் காப்பில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லோடு போய்விடும்.

இன்னொன்று. பட்டியல் சாதியினர்மீது பொய்யான, தீய நோக்குடைய குற்ற வழக்குத் தொடுப்பதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(பி) பிரிவின்படி வன்கொடுமை. பொய்த் தகவல் தந்து அரசு ஊழியரைத் தலித்துக்கு எதிராகச் செயல்பட வைப்பது அடுத்த உட்பிரிவு. 2015 திருத்தத்துக்குப் பிறகும் இவற்றின் கீழ் வழக்குப் பதியச் செய்வது நம் அனுபவத்தில் மிக அரிது. எதிர்வழக்கு ‘பொய்’ என்று முடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நாம் நிம்மதிப் பெருமூச்சோடு கோப்பை மூடிவிடுகிறோம். வழக்கறிஞர்களாகிய நம்முடைய சோம்பலும் இதில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் வழக்குக்கு விலை இல்லாதவரை அது மலிவான ஆயுதமாகவே இருக்கும்.

அந்தக் கோப்பில் தந்தை வழக்கை எடுக்கச் சம்மதிக்கவில்லை. அடிபட்ட இருவரில் மூத்தவர், தானாகவே வந்து, ‘வேணும்னா எடுத்துக்கிடுவோம் மாமா’ என்று சொன்ன பிறகும் சம்மதிக்கவில்லை. பையனின் விளக்கத்தைப் பள்ளிச் சான்று, அழைப்பாணை ஏதும் அனுப்பப்படவில்லை என்பதற்கான நீதிமன்ற ஆவணம், 74(2)ஆம் பிரிவு ஆகியவற்றோடு மையத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மதுரையில் ரத்து மனு எண்ணிடப்பட்டுவிட்டது. அது விசாரணைக்கு வரும் வாரமும் உறுதிமொழி அணிவகுப்பு நடக்கும் வாரமும் ஒன்றாகவே அமையும் போலிருக்கிறது. அணிவகுப்புக்குப் பெற்றோரை அழைப்பார்கள் என்றும், இரண்டு நாள் ரயில் பயணம் என்றும், இப்போதே முன்பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது என்றும் தந்தை சொன்னார். போடலாமா வேண்டாமா என்று கேட்டார். போடச் சொல்லியிருக்கிறோம்.